குறி சொல்வதில் அமானுஷ்யம் இல்லை என்றால், வேறு என்ன இருக்கிறது?

நெடுவழி

குறி, ஆரூடம், முன்னுணர்வு, பிறர் மனதைப் படிப்பது என்று பேச்சு எழுந்தால் இரண்டே குரல்கள்தான் ஓங்கிக் கேட்கின்றன. "எல்லாம் ஏமாற்று வேலை" என்கிறது ஒன்று. "அறிவியலுக்கு எட்டாத சக்தி" என்கிறது மற்றொன்று. மனமறிந்து யாரையும் ஏமாற்றாத, காசு வாங்காத, ஆனாலும் வியக்கும்படி சரியாகச் சொல்லிவிடுகிற மனிதர்களை இந்த இரண்டு குரல்களும் கண்டுகொள்வதில்லை. அவர்களைப் பற்றிப் பேசவே இந்த இழை.

ஒரு குதிரையிலிருந்து தொடங்குகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியரிடம் ஹான்ஸ் என்ற குதிரை இருந்தது. கூட்டல், பின்னம், தேதி எதைக் கேட்டாலும் குளம்பால் தட்டி விடை சொல்லும். 1904இல் ஒரு குழு வந்து பார்த்துவிட்டு, இதில் தந்திரம் ஏதும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அதில் தவறில்லை, ஓஸ்டன் நேர்மையானவர்தான். பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாகச் சோதித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தோற்றது. கேட்பவர் கண்ணில் படாதபடி மறைத்தபோதும் தோற்றது. கேள்வியைக் கேட்டதும் மனிதர் குளம்பைக் கவனிப்பதற்காகச் சற்றே குனிகிறார். சரியான எண்ணிக்கை வந்ததும் அவரையறியாமல் தலை மயிரிழை அளவு நிமிர்கிறது. ஹான்ஸ் அந்த நிமிர்வைக் கண்டு தட்டுவதை நிறுத்தியது. இது தெரிந்த பிறகும் ஃபுங்ஸ்டாலேயே தன் தலையசைவை முழுமையாக அடக்க முடியவில்லை.

பலரும் கதையை இங்கே முடித்துவிடுவார்கள். ஃபுங்ஸ்ட் முடிக்கவில்லை. குதிரையின் இடத்தில் தானே நின்றார். எதிரில் இருப்பவரை ஓர் எண்ணை நினைக்கச் சொல்லிவிட்டு, தட்டிக்கொண்டே போய், அவருடைய தலை அசைந்த இடத்தில் நிறுத்தினார். பெரும்பாலும் சரியாக வந்தது. தாங்கள் அசைந்ததே வந்தவர்களுக்குத் தெரியவில்லை.

ஆக, மனதைப் படிப்பது அங்கே உண்மையாகவே நடந்தது. உடலின் வழியாக, கண்ணின் வழியாக நடந்தது. குறி சொல்பவர்களில் நேர்மையானவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் இந்தத் திறமைதான் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

வெண்தாள்

இப்படி மெருகேற்றிப் பேசுவதால்தான் மோசடிக்காரர்கள் தப்பிக்கிறார்கள். அமானுஷ்ய சக்தியைச் சோதனையில் நிரூபிப்பவருக்குப் பரிசு என்று ஜேம்ஸ் ராண்டி என்ற மந்திரக் கலைஞர் 1964இல் ஆயிரம் டாலரில் ஒரு சவாலைத் தொடங்கினார். அது பத்து லட்சம் டாலராக வளர்ந்தது. 2015இல் முடித்துக்கொள்ளும்வரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட முதல்நிலைச் சோதனையைக்கூட ஒருவரும் தாண்டவில்லை. இதற்கு மேல் என்ன விவாதம்?

நெடுவழி

வெண்தாள், நீங்கள் சொன்ன தகவலையே எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சவாலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் சக்தியை மனதார நம்பியவர்கள். தெரிந்தே ஏமாற்றுகிறவன் ஒரு மந்திரக் கலைஞர் முன் போய் உட்கார மாட்டான். அப்படியானால் இந்த நம்பிக்கை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? எது அவர்களுக்கு அன்றாடம் "பலித்துக்கொண்டே" இருந்தது? மோசடி என்ற ஒரு சொல்லில் இதற்கு விடை இல்லை.

திரைச்சீலை

மனதைப் படிக்கும் மேடை நிகழ்ச்சிகள் நடத்துவது என் தொழில். அமானுஷ்ய சக்தி எதுவும் எனக்கு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் மேடையைத் தொடங்குவேன். உள்ளே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

எதிரில் ஒருவர் உட்கார்ந்ததும் நான் பேசுவது குறைவு, நிறுத்துவது அதிகம். "ஒரு பெரியவர்..." என்று இழுத்து நிறுத்துவேன். அந்த இடைவெளியில் அவர் மூச்சு ஒரு கணம் நின்றால் அந்தப் பெரியவர் இறந்திருக்கிறார் அல்லது நோயில் இருக்கிறார். கண் கீழே போனால் துக்கம், பக்கவாட்டில் போனால் யாரைச் சொல்கிறேன் என்று தேடுகிறார். "நெஞ்சுப் பகுதியில்..." என்பேன். அப்போது தலை லேசாக ஆடும், அல்லது ஆடாது. ஆடாவிட்டால் "நெஞ்சில் ஒரு பாரத்தோடு வாழ்ந்தவர்" என்று வாக்கியத்தைத் திருப்பிவிடுவேன். வாக்கியத்தின் பாதியை நான் சொல்கிறேன், மீதியை அவரே சொல்கிறார். வீட்டுக்குப் போன பிறகு முழுவதையும் நானே சொன்னதாகத்தான் அவருக்கு நினைவிருக்கும்.

நான் இதைத் தெரிந்தே செய்கிறேன். ஆனால் இதே வேலையைத் தெரியாமல் செய்கிறவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். எதிரில் இருப்பவரின் முகத்தில் ஓடும் மாற்றம் அவர்களுக்கு "உள்ளே ஒரு குரல் சொன்னது" என்று வந்து சேர்கிறது. அவர்கள் சொல்வதில் பொய்யே இல்லை. தங்களுக்குத் தோன்றியதைத் தோன்றியபடி சொல்கிறார்கள்.

ரே ஹைமன் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர் இளவயதில் கைரேகை பார்த்தவர். சொன்னதெல்லாம் பலித்ததால் ரேகைகளில் ஏதோ இருக்கிறது என்று உறுதியாக நம்பினார். ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற மூத்த மேடைக் கலைஞர் அவரிடம், "ரேகை காட்டுவதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார்" என்றார். சொன்னார். வந்தவர்கள் அதே வியப்போடுதான் எழுந்து போனார்கள்.

இன்னொரு சோதனை. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரு மதிப்பீட்டுத் தேர்வு வைத்துவிட்டு, ஆளுக்கொரு குணநலன் அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. அதன் வாக்கியங்கள் கடையில் கிடைத்த ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை.

இரவுப்பணி

நான் செவிலியர். நெடுவழி சொன்ன குதிரைத் திறமையை நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம்.

நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் படுக்கையருகே போனதும் "இவர் இன்று சரியில்லை" என்று தோன்றிவிடும். காரணம் கேட்டால் அப்போது சொல்லத் தெரியாது. பிறகு நிதானமாக யோசித்தால் ஒவ்வொன்றாக வரும்: நேற்று நான் உள்ளே நுழைந்ததும் பார்த்தவர் இன்று பார்க்கவில்லை, போர்வை ஓரத்தை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார், உதட்டைச் சுற்றி நிறம் மங்கியிருந்தது, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்கவில்லை. இதில் எதுவுமே கருவியின் திரையில் தெரியாது.

பல நாடுகளின் மருத்துவமனைகளில் அவசரக் குழுவை அழைப்பதற்கான நிபந்தனைகளில் "பணியில் இருப்பவருக்கு நோயாளியைப் பற்றிக் கவலை" என்பதும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. எண்கள் எதுவும் கெடாவிட்டாலும் அழைக்கலாம். அனுபவம் மிக்க ஒருவரின் மனக்கலக்கம் என்பது உடல் திரட்டிக் கொடுத்த தகவல் என்று மருத்துவமே ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனக்கு இது ஒரு பெரிய மரியாதை.

ஸ்காட்லாந்தின் ஜாய் மில்ன் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தன் கணவரின் உடல்வாசம் மாறிவிட்டது என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். பல ஆண்டுகள் கழித்து அந்தக் கணவருக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. பிற்பாடு அந்த நோயாளிகள் கூடும் ஒரு கூட்டத்துக்குப் போனபோது அறை முழுக்க அதே வாசம். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 பேர் அணிந்த சட்டைகளை அவரிடம் கொடுத்தார்கள். 6 நோயாளிகள், 6 மற்றவர்கள். ஆறு நோயாளிகளையும் சரியாகச் சொன்ன அவர், நோயில்லாதவர் ஒருவரின் சட்டையையும் நோயாளியுடையது என்றார். அந்த ஒருவர் சில மாதங்கள் கழித்து, தனக்கும் அந்த நோய் உறுதியாகிவிட்டது என்று தெரிவித்தார். இன்று தோலில் ஊறும் எண்ணெய்ப் பசையில் எந்த வேதிப்பொருள்கள் மாறுகின்றன என்று ஆய்வு நடக்கிறது.

இதே பெண் சில நூற்றாண்டுகளுக்கு முன் பிறந்திருந்தால் அவரை என்னவென்று அழைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பனித்துளி

எல்லோரும் நிதானமாகப் பேசுவதால் எழுதத் துணிகிறேன். என் அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். ஒரு நாள் விடியற்காலையில் அவள் மாடிப்படியில் உட்கார்ந்து எழ முடியாமல் என்னைக் கூப்பிடுவதாகக் கனவு கண்டு அலறி எழுந்தேன். அன்று முற்பகலில் தொலைபேசி வந்தது. இதயக் கோளாறு என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். இன்று நலமாக இருக்கிறாள்.

அந்தக் கனவில் நான் எந்த முகத்தையும் நேரில் பார்க்கவில்லை. எந்தத் தலையசைவும் இல்லை. இதையும் குதிரைக் கணக்கில் சேர்ப்பீர்களா? தொலையுணர்வுக்கு ஆய்வகச் சான்று இருப்பதாகவும் படித்திருக்கிறேன். ஒருவர் பார்க்கும் படம் நான்கில் எது என்று, கண்ணும் காதும் மறைக்கப்பட்ட இன்னொருவரைச் சொல்லவைக்கும் கான்ஸ்ஃபெல்ட் சோதனைகளில் 25 சதவீதம் வரவேண்டிய இடத்தில் 32 சதவீதம் வந்ததாம். அதை மட்டும் ஏன் யாரும் பேசுவதில்லை?

எண்சாலை

பனித்துளி, உங்கள் அக்கா நலம் என்பது மகிழ்ச்சி. இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன். புள்ளியியல் என் துறை.

கனவு: ஒருவர் காணும் கனவு மறுநாள் நிகழ்வோடு துல்லியமாகப் பொருந்தும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒரு கோடி மக்கள் இரவுக்கு ஒரு கனவு கண்டால், ஒவ்வொரு காலையிலும் பத்துப் பேர் உங்களைப் போலவே உறைந்துபோய் எழுவார்கள். ஓர் ஆண்டில் 3,650 பேர். பொருந்தாத கனவுகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, யாரிடமும் சொல்வதும் இல்லை. ஆகவே நம் காதுக்கு வருபவை எல்லாம் பொருந்தியவை மட்டுமே. உங்களுக்கு நேர்ந்ததைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கு அது உலகையே புரட்டிப்போடும் அனுபவம்தான்.

ஆய்வகம்: அந்த 32 சதவீதம் 1994இல் டேரில் பெம், சார்லஸ் ஹானர்டன் இருவரும் வெளியிட்ட கட்டுரையில் வருகிறது. 1999இல் ஜூலி மில்டன், ரிச்சர்ட் வைஸ்மன் இருவரும் அடுத்து வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது குறிப்பிடத்தக்க மிகுதி இல்லை. பிறகு வேறு சிலர் வேறு தொகுப்புகளில் மீண்டும் சிறு மிகுதியைக் காட்டினார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதிலேயே முடிவு மாறுகிறது. பல பத்தாண்டுகள் போன பிறகும், ஒரு சோதனையை எந்த ஆய்வகம் எப்போது செய்தாலும் வரும் என்ற நிலையை அது எட்டவில்லை. அதனால் என்னைப் பொறுத்தவரை அது நிறுவப்படாதது.

பெம் 2011இல் எதிர்காலத்தை முன்கூட்டியே உணர முடியும் என்று ஒன்பது சோதனைகளை ஒரு மதிப்புக்குரிய உளவியல் இதழில் வெளியிட்டார். மறு ஆண்டே ஸ்டூவர்ட் ரிட்சி, வைஸ்மன், கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச் மூவரும் அதில் ஒன்றைத் தனித்தனியே திரும்பச் செய்தார்கள், ஒருவருக்கும் வரவில்லை. வழக்கமான ஆய்வு முறையைப் பின்பற்றியே நடக்க முடியாத ஒன்றை "நிரூபிக்க" முடியும் என்றால் அந்த முறையிலேயே ஓட்டை இருக்கிறது என்று உளவியல் துறை விழித்துக்கொண்டது. சோதனைக்கு முன்பே திட்டத்தைப் பதிவு செய்யும் பழக்கம் பரவியதில் இந்த விவகாரத்துக்கும் பங்கு உண்டு.

இரவுப்பணி

பனித்துளி, ஒன்று கேட்கலாமா? அந்தக் கனவுக்கு முந்தைய வாரங்களில் அக்காவுடன் பேசினீர்களா? அவர் குரலில் ஏதாவது மாற்றம் இருந்ததா?

பனித்துளி

அடிக்கடி பேசுவோம். நீங்கள் கேட்ட பிறகுதான் யோசிக்கிறேன். பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. "இப்போதுதான் படியேறி வந்தேன்" என்றாள். அடுத்த முறையும் அதையேதான் சொன்னாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

கனவில் படிதான் வந்தது.

இரவுப்பணி

அதுதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் இதய நோயாளிகளின் வீட்டார் பிற்பாடு நினைவுகூரும் முதல் அறிகுறி பல முறை இதுவாகத்தான் இருக்கும்: படியேறினால் மூச்சு வாங்குவது. நீங்கள் அதைக் கேட்டிருக்கிறீர்கள். கவலைப்பட நேரமில்லாமல் பகல் போயிருக்கலாம்.

மேசைவிளக்கு

இந்த இழையில் இதுவரை பிறர் உடலைப் படிப்பது பற்றிப் பேசினோம். தன் உடலே தனக்குத் தெரியாமல் பேசுவது இன்னொரு பாதி. ஊசல், நீரோட்டம் பார்க்கும் கவைக்கோல், ஆவிகளோடு பேசும் எழுத்துப் பலகை எல்லாம் அதில் அடங்கும்.

1850களில் ஐரோப்பாவில் மேசை சுழற்றும் பித்து பரவியிருந்தது. நாலைந்து பேர் மேசைமேல் கைவைத்து உட்காருவார்கள், மேசை தானாக நகரும், ஆவிகள் வந்துவிட்டதாகச் சொல்வார்கள். மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே 1853இல் இதைச் சோதிக்க முன்வந்தார். அவர் தேர்ந்தெடுத்தவர்கள் எல்லோரும் அவர் மதித்த நேர்மையான மனிதர்கள். சில அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடையே இளகிய பசையை வைத்து, மேசைக்கும் கைக்கும் நடுவில் பொருத்தினார். மேசை இழுத்து கை பின்னால் போயிருந்தால் அடியில் உள்ள அட்டை முதலில் நகர்ந்திருக்க வேண்டும். பார்த்தபோது மேலட்டைதான் முந்தியிருந்தது. கைதான் தள்ளியிருக்கிறது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கையின் அழுத்தம் பக்கவாட்டில் சிறிது திரும்பினாலும் காட்டிக்கொடுக்கும் ஒரு நீண்ட காட்டியை அமைத்து, உட்கார்ந்தவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி வைத்தார். காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவரை மேசை அசையவே இல்லை. மறைத்ததும் மீண்டும் அசைந்தது. தங்கள் கை செய்வதைத் தாங்களே பார்க்க முடிந்த கணத்தில் ஆவி போய்விட்டது.

இதற்கு ஓராண்டு முன்பே வில்லியம் கார்பெண்டர் என்ற மருத்துவர், ஓர் எண்ணமே விருப்பத்தின் துணையின்றித் தசையை அசைத்துவிடும் என்று விளக்கியிருந்தார். பிரான்ஸின் வேதியியலாளர் செவ்ரல் அதற்கும் முன்பே ஊசலை ஆராய்ந்து, கண்ணைக் கட்டினால் ஆட்டம் நின்றுவிடுவதைக் கண்டிருந்தார்.

இது வெறும் பழங்கதை என்று யாராவது நினைத்தால் இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில், பேச முடியாத ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் கையைத் தாங்கிப் பிடித்து விசைப்பலகையில் எழுதவைக்கும் முறை பரவியது. குழந்தைகள் அழகான வாக்கியங்களை எழுதினார்கள். பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். பிறகு குழந்தைக்கு ஒரு படத்தையும் கைதாங்குபவருக்கு வேறொரு படத்தையும் காட்டிச் சோதித்தார்கள். எழுதப்பட்டது கைதாங்கியவர் பார்த்த படத்தின் பெயர். அந்த உதவியாளர்களில் பெரும்பாலோர் அன்பினால் அந்த வேலைக்கு வந்தவர்கள். தாங்கள்தான் எழுதுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. உண்மை தெரிந்தபோது அவர்கள் உடைந்துபோனார்கள். அதற்குள் அப்படி எழுதப்பட்ட குற்றச்சாட்டுகளால் சில குடும்பங்கள் வழக்குகளில் சிக்கியிருந்தன.

மற்றொன்று ஏடிஇ 651. ஒரு கைப்பிடி, அதில் சுலபமாகத் திரும்பும் ஓர் ஆண்டெனா, மின்சாரம் கிடையாது. நீரோட்டம் பார்க்கும் கோல்தான் அது. வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஈராக்குக்கு விற்கப்பட்டு, சோதனைச் சாவடிகளில் காவலர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வண்டிகளைச் சுற்றி நடந்தார்கள். மணிக்கட்டு எப்படிச் சாய்கிறதோ அப்படி ஆண்டெனா திரும்பியது. குண்டு ஏற்றிய வண்டிகள் உள்ளே போயின. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக் என்ற பிரிட்டிஷ் வணிகருக்கு 2013இல் லண்டனில் பத்தாண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. விற்றவர் மோசடிக்காரர். ஆனால் அதைக் கையில் பிடித்த காவலர்கள் அது வேலை செய்கிறது என்று தங்கள் உள்ளங்கையில் உணர்ந்தார்கள். எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் அச்சம் தருகிறது.

நெடுவழி

மேசைவிளக்கின் பதிவைப் படித்த பிறகு நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த முக்கியமான கேள்விக்கு வந்தாக வேண்டும். செவிலியரின் மனக்கலக்கமும் உள்ளுணர்வுதான், அந்தக் காவலரின் உள்ளங்கை உணர்ந்ததும் உள்ளுணர்வுதான். உள்ளே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி, அதே உறுதியோடுதான் தோன்றும். எதை நம்புவது?

கேரி கிளைன் என்ற ஆய்வாளர் பதிவு செய்த ஒரு தீயணைப்பு அதிகாரியின் கதை உண்டு. ஒரு வீட்டின் சமையலறையில் தீ. தண்ணீரை அடித்தும் அடங்கவில்லை. அதிகாரிக்கு ஏதோ தவறு என்று பட்டது. காரணம் தெரியாமலே எல்லோரையும் வெளியே வரச் சொன்னார். வந்த சற்று நேரத்தில் அவர்கள் நின்றிருந்த தளம் இடிந்து விழுந்தது. தீ உண்மையில் அடித்தளத்தில் எரிந்துகொண்டிருந்தது. தனக்குப் புலன்களுக்கு அப்பாற்பட்ட சக்தி இருப்பதாகவே அந்த அதிகாரி நம்பினார். கிளைன் துருவித் துருவிக் கேட்டபோதுதான் விவரம் வெளிவந்தது: அந்த அளவு தீக்கு இருக்கவேண்டியதைவிடக் கூடம் அதிகமாகச் சுட்டது, சத்தமோ குறைவாக இருந்தது. தரை ஒலியை மட்டுப்படுத்தியிருக்கிறது. பழகிய தீயின் நடத்தையோடு இது ஒத்துப்போகவில்லை.

உள்ளுணர்வைப் போற்றிய இந்தக் கிளைனும், உள்ளுணர்வின் பிழைகளை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த டேனியல் கானமனும் சேர்ந்து 2009இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் இது: ஒருவருடைய உள்ளுணர்வை நம்பலாமா என்பதற்கு அவர் எவ்வளவு உறுதியாக உணர்கிறார் என்பது அளவுகோல் ஆகாது. அந்தத் துறையில் காரணத்துக்கும் விளைவுக்கும் நிலையான தொடர்பு இருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள அவருக்குப் போதிய வாய்ப்பும், சரியா தவறா என்ற விடையும் கிடைத்திருக்க வேண்டும்.

தீ உடனே விடை சொல்லிவிடும். நோயாளியின் உடல் மறுநாளுக்குள் சொல்லிவிடும். குறி சொல்பவருக்கு? "மூன்று மாதத்தில் நல்லது நடக்கும்" என்று கேட்டுப் போனவர்களில் நடக்காதவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை. நடந்தவர்கள் நன்றியோடு வருகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் நிகழ்காலத்தைப் படிப்பதில் குறி சொல்பவருக்கு உடனடி விடை கிடைக்கிறது, முகத்திலேயே கிடைக்கிறது. அதனால் அதில் அவர் மெய்யாகவே தேர்ச்சி பெறுகிறார். எதிர்காலத்தைச் சொல்வதில் விடையே கிடைப்பதில்லை. அதனால் உறுதி மட்டும் வளர்கிறது, திறமை வளர்வதில்லை. ஒரே மனிதரிடம் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. முதல் பாதியில் நம்மை வியக்கவைத்த பிறகு அதே நம்பிக்கையில் இரண்டாம் பாதியையும் நாம் வாங்கிக்கொள்கிறோம். இந்த இடத்தில்தான் எல்லாக் கேடும் நடக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

எண்சாலை

இதற்குத் துணையாக ஒன்று. ஷான் கார்ல்சன் 1985இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனையில், சோதிடர்களிடம் ஒருவரின் ஜாதகத்தையும் மூன்று குணநலன் அறிக்கைகளையும் கொடுத்து, எது அவருடையது என்று கேட்டார்கள். ஆள் எதிரில் இல்லை, யார் என்றும் தெரியாது. சோதிடர்கள் தாங்கள் பாதிக்கு மேல் சரியாகச் சொல்வோம் என்று எதிர்பார்த்தார்கள். மூன்றில் ஒன்றுதான் சரியானது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அதுதான் வரும். முகத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

ஓரத்துப்பாதை

குறி பார்ப்பதைச் "சரியாகச் சொல்கிறதா" என்ற ஒரே கேள்வியால் அளப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. மானுடவியல் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கனடாவின் லாப்ரடார் பகுதி நாஸ்காபி வேட்டைக்காரர்கள் கரிபு மானின் தோள்பட்டை எலும்பைத் தீயில் வாட்டி, அதில் விழும் விரிசலையும் கருகலையும் பார்த்து எந்தத் திசையில் வேட்டைக்குப் போவது என்று முடிவு செய்வார்கள். 1957இல் ஓமர் மூர் ஒரு விளக்கம் சொன்னார். வேட்டைக்காரன் தனக்கு வெற்றி கிடைத்த திசைக்கே மீண்டும் மீண்டும் போனால் விலங்குகள் அந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டு விலகிவிடும். எலும்பு திசையைத் தற்செயலிடம் ஒப்படைத்துவிடுகிறது. அது எதையும் முன்னறியாமலே பயன் தருகிறது. இந்த விளக்கத்தைப் பிற்பாடு கேள்விக்குள்ளாக்கியவர்களும் உண்டு. ஆனாலும் யோசிக்க வைக்கும் கோணம் இது.

நடு ஆப்பிரிக்காவின் அசாண்டே (Azande) மக்களோடு வாழ்ந்த மானுடவியலாளர் எவன்ஸ் பிரிச்சர்ட், அவர்களைப் போலவே ஆரூடம் கேட்டுத் தன் வீட்டு விவகாரங்களை நடத்திப் பார்த்ததாகவும், தான் அறிந்த வேறு எந்த வழிக்கும் அது குறைந்ததில்லை என்றும் எழுதினார். முடிவெடுக்க முடியாமல் ஒரு சமூகம் முடங்கிக் கிடப்பதும் ஒரு கேடுதான். யார்மீதும் பழி விழாமல் ஒரு முடிவை எட்ட ஆரூடம் வழி செய்தது.

தனிமனிதருக்கும் இது பொருந்தும். குறி பார்க்கும் டாரட் படச்சீட்டில் ஒரு கோபுரம் இடிந்து விழும் படம் வருகிறது. பார்த்தவுடன் உங்களுக்கு வேலை நினைவுக்கு வருகிறதா, திருமணம் நினைவுக்கு வருகிறதா? சீட்டுக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்குத் தெரியும், சீட்டு அதை வாய்விட்டுப் பேச ஒரு சாக்கு.

வெண்தாள்

ஓரத்துப்பாதை, அப்படியானால் "சீட்டுக்கு ஒன்றும் தெரியாது" என்று அதை விரிப்பவர் முதலிலேயே சொல்லட்டும். சொன்ன பிறகும் ஒருவர் உட்கார்ந்து பேசி மனம் தெளிந்தால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அப்படிச் சொல்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "கட்டி தானாகக் கரையும்" என்ற வாக்கை நம்பி மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட்ட ஒருவரை என் குடும்பத்தில் இழந்திருக்கிறோம். அப்படிச் சொன்னவரும் மனமறிந்து பொய் சொல்லவில்லை. நெடுவழி தொடக்கத்தில் சொன்ன நேர்மையான மனிதர்களில் அவரும் ஒருவர். நேர்மையாக இருந்ததால்தான் நாங்கள் நம்பினோம்.

நெடுவழி

இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை, வெண்தாள். உங்கள் கோபம் முழுக்க நியாயமானது. உடல்நலம், பணம், காணாமல்போனவர், குற்றம் யார்மீது என்ற இந்த நான்கிலும் எவ்வளவு நல்லவர் சொன்னாலும் குறியை ஏற்கக்கூடாது என்பதே என் உறுதியான நிலை.

பனித்துளி

எனக்கு ஒரு நடைமுறைக் கேள்வி இருக்கிறது. என் சித்தி ஊசல் பிடித்துக் கேள்விகளுக்கு "ஆம், இல்லை" என்று விடை பார்க்கிறார். யாரிடமும் காசு வாங்கியதில்லை. அண்மையில் உறவினர் ஒருவர், மருந்தை நிறுத்தலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறார். சித்திக்கே அது பயமாகிவிட்டது. "இது உண்மைதானா என்று எனக்கே தெரிய வேண்டும்" என்கிறார். அவரைப் புண்படுத்தாமல் எப்படிச் சோதிப்பது?

திரைச்சீலை

அவரே கேட்கிறார் என்றால் பாதி வேலை முடிந்தது. இப்படிச் செய்யுங்கள்.

உள்ளிருப்பது தெரியாத தடித்த உறைகள் இருபது எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் சிவப்புத் தாள், பூ விழுந்தால் வெள்ளைத் தாள். உறைகளுக்கு எண்ணிட்டு எது எதில் என்று எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்பவர் சோதனை நடக்கும் அறையில் இருக்கக்கூடாது. நீங்களும் விடையைத் தெரிந்துகொள்ளக்கூடாது. அவர் விடைகளை எழுதிய தாளைத் தனி உறைக்குள் வைத்து ஒட்டி வேறு அறையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

முதலில் வேறு சில திறந்த உறைகளோடு, தாள் கண்ணுக்குத் தெரியும்படி, ஊசலைப் பிடிக்கச் சொல்லுங்கள். தவறாமல் ஆடும். "இன்று என் கை நன்றாக இருக்கிறது, இந்த இடமும் ஒத்துவருகிறது" என்று அவரே சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மூடிய உறைகள். இந்தப் படியை விட்டுவிட்டால், பிற்பாடு "அன்று சூழல் சரியில்லை" என்ற எண்ணம் அவரை விடாது.

எத்தனை சரியானால் திறமை என்று ஏற்பது என்பதைத் தொடங்கும் முன்பே அவர் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொள்ளுங்கள். எண்சாலை, எண்ணை நீங்கள் சொல்லுங்கள்.

எண்சாலை

இருபதில் பத்து சும்மாவே வரும். பதினொன்று, பன்னிரண்டும் சாதாரணம். பதினைந்தோ அதற்கு மேலோ தற்செயலாக வருவது நூறில் இரண்டு முறைதான். பதினைந்தை எல்லையாக வையுங்கள். எட்டினால் புதிய இருபது உறைகளோடு ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். எட்டாவிட்டாலும் அதே வாய்ப்பைக் கொடுங்கள்.

இரவுப்பணி

விடைத்தாளைச் சித்தியே பிரித்துச் சரிபார்க்கட்டும். அப்போது அறையில் நீங்கள் ஒருவர் மட்டும் இருந்தால் போதும். அந்த உறவினரிடம் மருந்தை நிறுத்த வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அதற்குச் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.